அசல் புனுகு

பாரிஸின் லா சப்பலில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவருக்கு மூக்குத்தான் முதல். ஸ்ரீஸ்கந்தராசாவின் மூக்கு அந்த வட்டாரத்தில் பேர்போனது. கற்பூரத்தில் மெழுகு கலந்திருக்கிறதா, சந்தனத்தில் மரத்தூள் கலந்திருக்கிறதா என்று பெட்டியை உடைக்காமலே சொல்லிவிடுவார். அந்த மூக்குக்கு இன்னொன்றும் தெரியும். அவருடைய கடையில் ‘அசல் புனுகு’ என்று விற்கிற சின்ன டப்பியில் அசலும் இல்லை, புனுகும் இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் மெழுகோடு வாசனை எண்ணெயைக் குழைத்து அடைத்த சரக்கு அது. வாங்குகிறவர்களுக்கும் அது அரைகுறையாகத் தெரியும், முருகன் கோயில் ஐயருக்கு நன்றாகவே தெரியும். முருகனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருவரும் வாய் திறக்காததால் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

அதைப் பற்றி அவருக்கு இத்தனை வருடத்தில் ஒரு கூச்சமும் வந்ததில்லை. தானே நேர்த்திக்கடன் வைத்துவிட்டு, அதே டப்பியை எடுத்துச் சாமிக்குக் கொடுக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் மனம் உறுத்தியது. ஊருக்கு விற்பதைத் தன் கடவுளுக்குக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

நேர்த்தி மகளுக்காக. அஜந்தா அவருக்கு ஒரே பிள்ளை, பாரிஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் டொக்டர் பட்டம் எடுத்தபோது கடைக்கு வருகிற சனம் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டது. ஆஸ்பத்திரி இல்லை, மிருகங்களைப் பற்றிய படிப்பு என்று இவர் விளக்க, ஓ, மாட்டு டொக்டரோ என்றார்கள். அதற்குமேல் விளக்குவதை விட்டுவிட்டார். படித்து முடித்த கையோடு அவளுக்கு நைரோபியில் வேலை கிடைத்தது. நகரத்தின் நடுவிலேயே மதில் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு காட்டில், இரவு உலவும் மிருகங்களைக் கமரா வைத்து ஆராய்கிற வேலை. மனைவி கோசலை சாப்பாட்டை ஒதுக்கிவைத்து அழுதாள். ஸ்ரீஸ்கந்தராசா அழவில்லை. மகளை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிற ரயிலில், கம்பியைப் பிடித்து நின்றபடியே நேர்ந்துகொண்டார். பிள்ளைக்கு ஒரு தீங்கும் வராமல் இந்த வருடம் போய்விட்டால், வைகாசி விசாகத்துக்கு அவள் பேரில் உபயம் செய்து, அபிஷேகம் முடிய முருகனுக்கு உண்மையான புனுகு சாத்துவேன் என்று.

தீங்கு வரவில்லை. வந்ததெல்லாம் வீடியோக்கள்தான். பச்சை உடம்போடு கொப்புக் கொப்பாகத் தாவிவிட்டு, பறக்கும்போது மட்டும் செட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த குங்குமச் சிவப்பைக் காட்டுகிற ஒரு பறவை. சொண்டுக்கு மேல் இன்னொரு சொண்டு வைத்துக்கொண்டு குழந்தை அடம்பிடிப்பதுபோல் கத்துகிற இருவாய்ச்சி. தொண்டையில் வெள்ளைத் துண்டு கட்டிய மாதிரிக் குரங்குகள், அந்தக் குரங்கையே தூக்கிக்கொண்டு போகிற கழுகு, முயலைவிடக் கொஞ்சம் பெரிதான மான். பின்னால் எட்டுத் தட்டுக் கட்டடங்கள் தெரியும், கார் ஹோர்ண் கேட்கும், முன்னால் இதெல்லாம் தன்பாட்டில் நடக்கும். ஸ்ரீஸ்கந்தராசா ஊதுபத்தி வாங்க வந்தவர்களைக்கூட நிறுத்திவைத்துக் காட்டினார். என்ரை பிள்ளை எடுத்தது என்று சொல்லும்போது அவருடைய தொந்தி ஒரு அங்குலம் முன்னால் வரும்.

சில வீடியோக்களில் எரிக் வருவார். அவர் அந்தக் காட்டின் காவலர், நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம். மகளோடு சேர்ந்து மரங்களில் கமரா கட்டுவது அவர்தான். அவர் பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளைக்குப் பயமில்லை என்று கோசலையே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

மாசி மாதம் அஜந்தா ஒரு வீடியோவைச் சிரித்துக்கொண்டே அனுப்பினாள். ஒரு ஓடைக்கரை, ஒரு மரம். நாய் அளவில், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டியும் உடம்பெல்லாம் வரியும் புள்ளியுமாக ஒரு பிராணி அசைந்து வருகிறது. மரத்துக்கு முதுகு காட்டி, வாலைத் தூக்கி, பின்பக்கத்தை அடிமரத்தில் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போகிறது. ஓடையின் எந்த வளைவு, எந்த வாசலுக்குப் பின்னால், எந்த நாளில் வரும் என்றெல்லாம் அவள் குரல் பிரெஞ்சில் விபரம் சொல்கிறது. கடைசியில் மட்டும் தமிழில், அப்பா, இதுதான் உங்கட கடைச் சாமான், நல்லாப் பாருங்கோ என்கிறாள். கீழே எழுதியும் இருந்தாள். இடம் தெரிகிற வீடியோவை வெளியில் அனுப்பக்கூடாது என்பது வேலையிடத்துச் சட்டம், உங்களுக்காகத்தான் அனுப்புகிறேன், வேறு ஒருவருக்கும் காட்ட வேண்டாம்.

ஓம் பிள்ளை என்று பதில் போட்டார். போட்ட கையாலேயே அதை உதயனுக்கு அனுப்பினார்.

உதயன் நைரோபியில் ஏலக்காய், தேயிலை வியாபாரம் செய்கிறவன். லா சப்பலில் பாதிக் கடைகளுக்கு அவன் சரக்கு வரும். அவனிடம் இவர் கேட்டது, இவருடைய கணக்கில், பூப் பறிக்கிற மாதிரிச் சின்ன வேலை. புனுகுப்பூனை தானாக மரத்தில் பூசிவிட்டுப் போன புனுகை ஒரு கரண்டியால் சுரண்டி அனுப்பு, அவ்வளவுதான். மரத்துக்கும் நோகாது, மிருகத்துக்கும் தெரியாது, முருகனுக்கும் நிறைவு. மகள் வேண்டாம் என்று சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. உதயன் நம் பொடியன்தானே, அவனை வெளி ஆள் என்று எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் செய்துகொண்டார்.

சித்திரை முடிவில் பயணம் வந்த ஒருவரிடம் ஒரு சிறு போத்தல் வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் முகத்தில் அடித்தாற்போல் ஒரு நாற்றம். பயந்துபோய், ஊசிமுனையளவு எடுத்துச் சந்தனத்தில் குழைத்துப் பார்த்தார். நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடை முழுக்க ஒரு வெதுவெதுப்பான மணம் எழுந்து நின்றது. இத்தனை வருடம் விற்ற டப்பிகள் அத்தனையும் அந்த மணத்துக்கு முன்னால் குனிந்துகொண்டன. திருவிழா முடிந்த பிறகு மகளுக்குச் சொல்லி அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

விசாகத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, கடையில் ஆள் நிற்கிற நேரத்தில் அஜந்தா போன் எடுத்தாள். சாதாரணமாகப் பகலில் எடுக்கமாட்டாள். குரல் உடைந்து போயிருந்தது. தமிழும் பிரெஞ்சும் மாறி மாறி வந்தன.

காட்டு மதிலுக்கு வெளியே, கழிவு வாய்க்காலுக்குப் பக்கத்தில், ஒரு கம்பிக் கூடு கிடந்ததாம். மிருகம் திரும்பக்கூட முடியாத அளவுக்கு ஒடுக்கமான கூடு. உள்ளே அந்த ஓடைக்கரைப் புனுகுப்பூனை. வாலுக்குக் கீழே புண், புண்ணில் புழு. தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வழியிலேயே அவள் மடியில் செத்துப்போனது.

“கரண்டியாலை சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறாங்கள் அப்பா. கூட்டுக்குப் பக்கத்திலை கரண்டி கிடந்தது.”

ஸ்ரீஸ்கந்தராசா கல்லாவுக்குப் பின்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்னால் நின்ற பெண் திரியின் விலையை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அஜந்தா இன்னும் முடிக்கவில்லை. அந்த மரம் எதுவென்று தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அவள், திட்டத்தின் தலைவி மரி-லூயிஸ், எரிக். யார் இடத்தை வெளியே சொன்னது என்று மரி-லூயிஸ் விசாரித்திருக்கிறாள். விசாரணை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. எரிக்கை வேலையால் நிறுத்திவிட்டார்கள். காட்டோரம் அவருக்குக் கொடுத்திருந்த வீட்டையும் விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற மனிதர்.

“பாவம்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. கடையில் ஆள் நிற்குது பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். வைத்த பிறகு அந்தப் ‘பாவம்’ என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தான் செய்ததை வேறு யாருக்கோ நடந்த விபத்துப்போல எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

உதயனைப் போனில் எடுத்துக் கத்தினார். மரத்தில் இருப்பதைத்தானே கேட்டேன், மிருகத்தைப் பிடி என்று எப்போது சொன்னேன் என்று. உதயன் கோபப்படவில்லை. சரக்கில் குறை சொல்கிற வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல நிதானமாகவே பேசினான்.

“அண்ணை, மரத்திலை நகக்கண் அளவுகூட இல்லை. நீங்கள் கேட்டது அபிஷேகத்துக்கு. பிடிச்சு எடுத்தாத்தான் அவ்வளவு வரும். உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன். நீங்கள் சாமான் விக்கிற ஆள்தானே.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. யோசித்துப் பார்த்திருந்தால் இவருக்கே தெரிந்திருக்கும். ஒரு தேய்ப்பில் ஒரு போத்தல் வருமா? கற்பூரத்தில் கலப்படம் கண்டுபிடிக்கிற மூக்கு, அந்தப் போத்தலைத் திறந்தபோது ஏன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை? கேட்க விரும்பவில்லை, அதுதான் உண்மை.

வீட்டுக்குப் போய்க் கோசலையிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்கிற கோசலைக்கு எந்த இடத்தில் யார் தலை உருளும் என்று நன்றாகத் தெரியும். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. நீங்கள் சொன்னால் வீடியோ உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள், பிள்ளை சட்டத்தை மீறி அனுப்பினாள் என்று வரும், அவளுடைய வேலை போகும், பேரும் போகும், இனி ஒரு காட்டுக்குள்ளும் விடமாட்டார்கள் என்றாள்.

“இஞ்சாருங்கோ, அந்த மனுசனுக்கு வேறை வேலை கிடைக்கும். வாயை மூடிக்கொண்டிருங்கோ.”

அதைக் கேட்டதும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு உள்ளே ஒரு நிம்மதி பரவியது. பேசாமல் இருப்பதற்குப் பிள்ளை என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தன் பேரைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று நினைக்கத் தேவையில்லை. அந்த நிம்மதி வந்ததற்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டாலும் அதைக் கையைவிட்டு விடவில்லை.

போத்தலை எறிந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் ஐயருக்கு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது, ஐயர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இந்த முறை உண்மையான புனுகாம் என்று பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யிலிருந்தும் ஸ்தேனிலிருந்தும்கூடச் சனம் வருவதாகப் பேச்சு. கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தக் கோயில் முன்பு தையல் பட்டறையாக இருந்த கட்டடம். கூரை தாழ்வு, சனம் நிறைந்தால் மூச்சுவிட இடமில்லை. அபிஷேகம் முடிந்து, திரை விலகி, ஐயர் புனுகைக் குழைத்து முருகனின் நெற்றியிலும் மார்பிலும் சாத்தினார். விளக்குச் சூட்டில் அந்த மணம் மெல்ல எழுந்து சனத்தின் தலைக்கு மேலால் பரவியது. அரோகரா என்ற சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது. செல்வி அஜந்தா ஸ்ரீஸ்கந்தராசா உபயம் என்று ஒலிபெருக்கி சொன்னது. பின்னால் நின்ற யாரோ அவர் தோளில் தட்டி, அண்ணை, இண்டைக்குத்தான் கோயில் கோயிலா மணக்குது என்றார். சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ராம்பிரசாத், கண்ணை மூடி ஆழமாக இழுத்துவிட்டு, சார், ஒரிஜினல், சூப்பர் என்றான்.

ஸ்ரீஸ்கந்தராசாவால் கும்பிட முடியவில்லை. கைகளைக் கூப்பப் போனால், ஒடுக்கமான கூட்டுக்குள் திரும்ப முடியாமல் நின்ற மிருகம் வந்து நின்றது. யாரோ ஒருவன் கரண்டியோடு குனிகிறான், அது கத்துகிறது. அந்தக் கத்தல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வீடியோவில் அது ஒரு சத்தமும் போட்டதில்லை. செய்தது நான், என் பிள்ளையின் பேரைப் போட்டு முருகன் தலையில் கட்டிவிட்டு நிற்கிறேன் என்று நினைத்தார். பஞ்சாமிர்தத்தை வாங்கி அப்படியே பக்கத்தில் நின்ற கிழவரின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு வீடியோ வருவது நின்றுபோனது. அஜந்தா எடுத்தால் சாப்பிட்டீர்களா, அம்மா எப்படி என்பதோடு முடிந்தது. ஒருமுறை, இவர் கேட்காமலே, எரிக் குடும்பத்தோடு தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்கு மாறிவிட்டார் என்றாள். ம் என்றார். இன்னொருமுறை, அவருடைய மூத்தவள் பள்ளிக்கூடம் போவதில்லை என்றாள். அதற்கும் ம் என்றார். ஒவ்வொரு தடவையும் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் லைனில் இருப்பாள். பிறகு சரி அப்பா என்று வைத்துவிடுவாள். கடையில் புனுகு டப்பி கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லத் தொடங்கினார். விசாகத்து மணத்தைக் கேள்விப்பட்டு வந்த சனம், இவ்வளவு பேருக்கும் இல்லை என்றால் யாருக்கு வைத்திருக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டு போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், திரிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். இனி ஒரு ‘ம்’ சொன்னால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்னால் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் நின்றுகொண்டு மகளை எடுத்தார்.

அவள் எங்கோ தெருவில் நின்றாள். பின்னால் மோட்டார் சைக்கிள்களும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

“அஜந்தா, அப்பா ஒண்டு சொல்லவேணும். குறுக்கை பேசாமல் கேள். அந்த மரத்து வீடியோவை நான் உதயனுக்கு அனுப்பினனான். கோயிலுக்குப் புனுகு வேணுமெண்டு. மரத்திலை சுரண்டச் சொன்னனான், அவன் பிடிச்சுப்போட்டான். எரிக் ஒண்டும் செய்யேல்லை. நான்தான்.”

மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

“எனக்குத் தெரியும் அப்பா.”

பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தார். அவள் இப்போது பிரெஞ்சில், அவசரமில்லாமல், யாருக்கோ வாக்குமூலம் கொடுப்பதுபோல் சொன்னாள். கூட்டுக்குப் பக்கத்தில் கரண்டியைப் பார்த்தபோதே மனதில் பட்டுவிட்டது. அந்த வீடியோவை உலகத்தில் வேறு ஒருவருக்கும் அவள் அனுப்பவில்லை. அன்று போன் எடுத்ததே இவர் சொல்வாரா என்று பார்க்கத்தான். பிறகு பாரிஸில் இருக்கிற சித்தி கோயில் திருவிழாப் படங்களை அனுப்பினாள். புனுகு சாத்தி நிற்கிற முருகன், கீழே உபயம் என்று தன் பேர்.

“மரி-லூயிஸ் என்னையும் கேட்டவா. வீடியோவை யாருக்கும் அனுப்பினியோ எண்டு. நான் இல்லை எண்டு சொன்னனான் அப்பா. எரிக் எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவர்.”

ஸ்ரீஸ்கந்தராசா நெற்றியில் அடித்துக்கொண்டார். செத்த மிருகத்துக்கும் தெருவுக்கு வந்த குடும்பத்துக்கும் மேலே இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு தீங்கும் வரக்கூடாது என்று நேர்ந்தவர், பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் லைனில் பேசாமல் இருந்தது, இவர் வாய் திறப்பதற்காகக் காத்திருந்ததுதான் என்று இப்போது விளங்கியது.

பிள்ளை, ஒன்று செய்யலாம் என்று அவசரமாகத் தொடங்கினார். நீ பாரிஸ் வந்திருந்தபோது உன் போனிலிருந்து நான் களவாக எடுத்தேன் என்று சொல்லுவோம், உனக்குத் தெரியாது, பழி முழுக்க எனக்கு, உன் வேலைக்கு ஒன்றும் வராது. அவர் முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

“வேண்டாம் அப்பா. சொன்ன பொய்யே காணும், இனி வேண்டாம்.”

பிறகு சொன்னாள், தான் இப்போது எரிக்கின் வீட்டு வாசலில் நிற்பதாக. முன்பும் வந்திருக்கிறாளாம். வந்து வந்து, கதவைத் தட்டாமல் திரும்பிப் போயிருக்கிறாளாம். அப்பா சொல்லாமல் நான் சொன்னால் அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தாளாம். இன்று தட்டப் போகிறாள். திங்கட்கிழமை மரி-லூயிஸிடம் எழுதிக் கொடுக்கப் போகிறாள். வேலை போனால் போகட்டும்.

“போனை வைக்காதேங்கோ. நான் சொல்லுறதுக்கு முதல் நீங்கள் அவரோடை கதைக்கவேணும்.”

தகரக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு நாய் குரைத்தது. கதவு திறந்ததும் ஒரு ஆணின் குரல், பெரிய மகிழ்ச்சியோடு. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய், உள்ளே வா, தேத்தண்ணி குடி என்று ஆங்கிலத்தில். மகள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அந்தக் குரல் நிற்கவில்லை. அங்கத்தைய வழக்கப்படி ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்தது. உடம்பு எப்படி, அம்மா எப்படி, பாரிஸில் அப்பா சுகமாக இருக்கிறாரா என்று.

அஜந்தா பதில் சொல்லவில்லை. போன் கைமாறுகிற உரசல் கேட்டது.

“ஹலோ, பப்பா! எப்படி இருக்கிறீர்கள்?”

ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து நின்றார். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“எரிக், அது நான்தான்,” என்றார்.

எரிக்குக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே, எது நீங்கள், பப்பா, என்று கேட்டார். ஸ்ரீஸ்கந்தராசா அதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.